மூளையதிர்வுக்குப் பிறகு பார்வைப் பயிற்சி: கோவை மருத்துவமனை ஒன்றின் சேவை குறித்து

கோயம்புத்தூரில் ஒரு தனியார் கண் மருத்துவமனையின் மாடியில் இயங்கும் பார்வைப் பயிற்சிப் பிரிவைப் பற்றிய மதிப்புரை இது. இருசக்கர வாகன விபத்தில் என் தம்பிக்குத் தலையில் அடிபட்டது. கன்கஷன் என்று மருத்துவர்கள் சொல்லும் மூளையதிர்வின் தொடர்ச்சியாக அவனுக்குப் பார்வையில் வந்த சிக்கல்களுக்கு அங்கேதான் சிகிச்சை நடந்தது. துணைக்கு நான் போய்வந்தேன். மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. நிறையோடு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலும், இதே சிகிச்சையைத் தேடி வேறு ஊரில் வேறு இடத்துக்குப் போகிறவருக்கும் அங்கே என்ன நடக்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால்தான் இதைப் படிப்பதில் பயன் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய பரிசோதனை, நான் எந்த மருத்துவமனையிலும் கண்டிராத பொறுமையும் துல்லியமும் கொண்டது. பயிற்சியும் நன்றாகவே இருந்தது. கட்டணம் வசூலிக்கும் முறையும் காத்திருப்புக் கூடமும் மட்டும் தலையில் அடிபட்டவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்படவில்லை.

தம்பிக்கு வயது 29. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறான். மழை பெய்த மாலையில் வண்டி சறுக்கி விழுந்தபோது தலைக்கவசம் அணிந்திருந்ததால் மண்டையோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுந்த நேரத்து நினைவு இல்லை, வாந்தி எடுத்தான், மறுநாள் வரை குழப்பமாகப் பேசினான். சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஸ்கேன் காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் வீக்கத்தையும்தான். மண்டைக்குள் மூளை குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபடுவதும், நரம்பணுக்களின் வேதிச் சமநிலை கலைந்து அவை சில காலம் சோர்ந்து இயங்குவதும் அந்தப் படத்தில் தெரியாது. பெரியவர்களில் பலருக்கு இரண்டு வாரங்களுக்குள் இது தானாகவே சரியாகிவிடும். தம்பிக்கும் தலைச்சுற்றலும் குமட்டலும் பெருமளவு குறைந்தன. பார்வை மட்டும் தேறவில்லை.

அவன் சொன்ன குறைகளைக் கேட்டால் கண்ணில்தான் கோளாறு என்று யாருக்கும் உடனே தோன்றாது. எக்செல் தாளில் ஒரு பில் எண்ணைப் பார்த்துவிட்டு அதற்கு நேரேயுள்ள தொகைக்குப் பார்வையைக் கொண்டுபோனால், கண் மேல் வரியிலோ கீழ் வரியிலோ போய் நிற்கும். கால் மணி நேரம் படித்தால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், புருவத்துக்கு மேல் வலி பிடிக்கும். திரையிலிருந்து தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் முள் தெளியச் சற்று நேரமாகும். டியூப் லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தும். காதர்பேட்டையில் இருபுறமும் பனியன்கள் தொங்கும் சந்துகளுக்குள் கூட்டத்தோடு நடந்தால் காலடியில் தரை நகர்வதாக உணர்வான். ஊரில் முதலில் போன கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துக் காட்டினான். இரண்டு கண்ணும் 6/6, விழித்திரை நன்றாக இருக்கிறது, கண் கொஞ்சம் உலர்ந்திருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அலுவலகத்தில் அந்தச் சீட்டைக் காட்டியபோது, கண்ணில்தான் ஒன்றுமில்லையே என்ற பேச்சு வந்தது.

அந்த அளவு பொய்யல்ல. ஆனால் 6/6 என்பது, 6 மீட்டர் தொலைவில் அசையாமல் இருக்கும் எழுத்தை, தலையை ஆட்டாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே படிக்க முடிகிறது என்பதற்கு மட்டுமே சான்று. இரண்டு கண்களும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றனவா, சேர்ந்த இடத்தில் நிலைக்கின்றனவா, கிட்டத்திலிருந்து தூரத்துக்குக் குவியம் (ஃபோகஸ்) எவ்வளவு விரைவாக மாறுகிறது, வரிக்கு வரி பார்வை சரியான இடத்துக்குத் தாவுகிறதா, தலை அசையும்போது காட்சி நிலையாக இருக்கிறதா என்பவற்றை அந்தப் பலகை அளப்பதே இல்லை. இவை அனைத்தும் கண்ணுக்குப் பின்னால், மூளையில் நடக்கும் வேலைகள். மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் 12 இணை நரம்புகளில் 6 இணைகள் ஏதோ ஒரு வகையில் கண்ணோடு தொடர்புடையவை. அவற்றில் நான்காவது நரம்பு மிக மெல்லியது, மண்டைக்குள் மிக நீண்ட தூரம் சுற்றி வருவது. அதனால் தலைக்காயத்தில் எளிதில் அடிபடுவதும் அதுதான். அது பழுதானால் படிக்கட்டில் இறங்கும்போதும் புத்தகத்தைக் குனிந்து படிக்கும்போதும் மேலும் கீழுமாக இரண்டு உருவங்கள் தெரியும், அதைச் சரிக்கட்டத் தலை தானாகவே ஒரு பக்கம் சாயும். தம்பிக்கு அந்த நரம்பில் பாதிப்பு இல்லை என்பதை உறுதிசெய்த பிறகுதான் இந்தப் பிரிவில் அடுத்த வேலையையே தொடங்கினார்கள்.

முதல் நாள் பரிசோதனை கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நடந்தது, நடுவில் ஓய்வு கொடுத்தார்கள். செய்தவர் ஓர் இளம் பெண் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையை அளந்து பரிசோதிக்கும் நிபுணர். கண் மருத்துவர் முன்னும் பின்னும் வந்து பார்த்தார். ஆரம்பத்தில் ஒரு கேள்வித்தாள். படிக்கும்போது கண் களைக்கிறதா, எழுத்து அசைகிறதா, படித்ததையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறதா என்று 15 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கண்கள் உள்நோக்கிக் குவிவதில் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே உருவாக்கி, பல நாடுகளில் பயன்படுத்தப்படும் தாள் அது. பெரியவர்களுக்கு மொத்தம் 21 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். தம்பிக்கு 38 வந்தது. அடிபட்ட நாளிலிருந்து அவன் சொல்லிவந்த குறைகளை முதன்முறையாக ஒருவர் எண்ணாக எழுதிக்கொண்டது அங்கேதான். அவன் முகத்தில் அன்றைக்குத் தெரிந்த நிம்மதிக்கு மருந்தைவிட மதிப்பு அதிகம் என்றே நினைக்கிறேன்.

அடுத்து, அளவுகோல் பொருத்திய ஒரு கோலில் சிறிய எழுத்து அட்டையை மாட்டி, அதை மெல்ல மூக்கை நோக்கி நகர்த்தினார்கள். "அண்ணா, ரெண்டாப் பிரியறப்ப உடனே சொல்லிருங்க, சமாளிச்சுப் பாக்க வேண்டாம்" என்றார் அந்தப் பெண். நல்ல நிலையில் உள்ள கண்கள் மூக்குக்கு 5, 6 சென்டிமீட்டர் அருகே வரும்வரை அந்த எழுத்தை ஒன்றாகவே வைத்திருக்கும். தம்பிக்கு 17 சென்டிமீட்டரிலேயே அது இரண்டாகப் பிரிந்தது. இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் அளவு மோசமானது. முதல் அளவோடு நிறுத்திக்கொள்ளும் இடங்களும் உண்டு. மூளையதிர்வு வந்தவர்களிடம் கடைசி அளவுதான் உண்மையைச் சொல்லும், ஏனென்றால் அவர்களுடைய கண் முதல் முறை எப்படியோ சமாளித்துவிடும், மறுபடி மறுபடி கேட்டால்தான் தளர்ந்துபோகும்.

பிறகு குவியத்தை மாற்றும் திறனுக்கான சோதனை. ஒரு பிடியில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு வில்லைகள். ஒரு பக்கம் பிளஸ் 2, மறுபக்கம் மைனஸ் 2 பவர். 40 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள சிறிய எழுத்தை ஒரு பக்கத்தின் வழியே தெளிவாகப் பார்த்ததும் மறுபக்கத்துக்குப் புரட்ட வேண்டும். இளம் வயதினர் இரண்டு கண்களையும் திறந்து ஒரு நிமிடத்தில் எட்டுச் சுற்றுகளாவது செய்வார்கள். தம்பியால் இரண்டைத் தாண்ட முடியவில்லை. நாற்பதைக் கடந்தவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. வயதின் காரணமாகவே குவியத் திறன் குறைந்திருக்கும் என்பதால் அவர்களுக்கு வேறு வகையில் பார்ப்பார்கள். இவற்றுக்குப் பிறகு எண் வரிசைகளைச் சத்தமாகப் படிக்கவைத்து நேரத்தையும் பிழைகளையும் குறித்தார்கள். தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே கட்டைவிரலைப் பார்க்கச் சொன்னார்கள். அதில்தான் தலைச்சுற்றல் சட்டென்று கூடியது. ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மூளை மந்தம் ஆகியவற்றுக்கு 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொன்னார்கள். இந்த முறை 2014-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் விளையாட்டு வீரர்களுக்காக உருவாக்கப்பட்டது. எந்த அசைவு எந்தத் தொல்லையைக் கிளப்புகிறது என்பதை இதைப்போல் தெளிவாகக் காட்டும் எளிய சோதனை வேறு இல்லை.

முடிவை எங்களிடம் தமிழிலேயே, படம் வரைந்து விளக்கினார்கள். கண்கள் குவிவதில் குறைபாடு, குவியம் மாற்றுவதில் மந்தம், பார்வைத் தாவலில் தடுமாற்றம், இவற்றோடு உள்காதின் சமநிலை உறுப்புக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவில் குறை. இவை அரிய நோய்கள் அல்ல என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். பிலடெல்பியாவின் குழந்தைகள் மருத்துவமனையில் மூளையதிர்வுக்குச் சிகிச்சைக்கு வந்த 11 முதல் 17 வயது வரையிலான 100 பேரைப் பரிசோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 69 பேருக்கு இத்தகைய பார்வைக் குறைபாடு ஏதேனும் ஒன்றாவது இருந்தது. குவியம் மாற்றும் குறைபாடு 51 பேருக்கும், கண்கள் குவியும் குறைபாடு 49 பேருக்கும், பார்வைத் தாவல் குறைபாடு 29 பேருக்கும் காணப்பட்டது. அவர்கள் சிறப்பு மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தவர்கள் என்பதால், அடிபட்ட எல்லோரிடமும் இதே விகிதம் இருக்கும் என்று கொள்ளக்கூடாது. ஆயினும், தலைக்காயத்துக்குப் பிறகு படிக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் சோம்பலென்றும் மனச்சோர்வென்றும் முடிவுகட்டுவதற்கு முன் இவற்றை அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த எண்களே போதும்.

பயிற்சி வாரம் ஒருமுறை அங்கே, மற்ற நாள்களில் வீட்டில். தொடக்கத்தில் தம்பிக்குக் கொடுத்தது ஒரு வெள்ளைக் கயிறு. மூன்று மீட்டர் நீளம், அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று மணிகள். ப்ரோக் கயிறு என்று அதை வடிவமைத்தவரின் பெயராலேயே அழைக்கிறார்கள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்துக்கொள்ள வேண்டும். நடு மணியைப் பார்த்தால், இரண்டு கண்களும் ஒழுங்காக வேலை செய்யும்போது கயிறு ஒன்றாகத் தெரியாது. இரண்டு கயிறுகள் வந்து அந்த மணியிலேயே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதாகத் தெரியும், மற்ற இரு மணிகளும் இரட்டையாகத் தெரியும். மணிக்கு அப்பால் கயிறுகள் வெட்டிக்கொண்டால் கண்கள் போதிய அளவு குவியவில்லை. மணிக்கு முன்னால் வெட்டிக்கொண்டால் அளவுக்கு மீறிக் குவிகின்றன. ஒரு கயிறு மறைந்துபோனால் மூளை ஒரு கண்ணின் காட்சியைத் தள்ளிவைத்துவிட்டது. பயிற்சி செய்கிறவர் சரியாகச் செய்கிறாரா இல்லையா என்பதை அவரே பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும் என்பதுதான் இந்த எளிய பொருளின் சிறப்பு. முதல் வாரங்களில் அருகிலுள்ள சிவப்பு மணியைப் பார்த்தால் தம்பிக்கு ஒரு கயிறு மங்கி மங்கி மறைந்தது. மறைந்ததும் கண்ணைச் சிமிட்டி, பார்வையைப் பச்சை மணிக்குத் தள்ளி, மறுபடி மெல்ல அருகே கொண்டுவரச் சொன்னார்கள். மறுபடியும் கயிறு தோன்றியபோது அவன் சொன்ன "வந்திருச்சு, அக்கா" எனக்கு மறக்காது.

கயிற்றுக்குப் பிறகு வில்லைப் புரட்டல், சிவப்பு நீலக் கண்ணாடி அணிந்து கணினியில் செய்யும் பயிற்சிகள், சுவரில் தூரத்தில் ஓர் எழுத்து அட்டையும் கையில் ஓர் அட்டையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் படிப்பது என்று படிப்படியாகக் கூட்டினார்கள். உட்கார்ந்து செய்தவற்றைப் பிறகு நின்றுகொண்டும், அதன்பின் மெத்தையான பலகைமேல் நின்றுகொண்டும், நடந்துகொண்டும் செய்யவைத்தார்கள். தொல்லையின் எண் தொடக்கத்தில் சொன்னதைவிட இரண்டுக்கு மேல் கூடினால் உடனே நிறுத்திக் கண்ணை மூடி உட்கார வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. வலியைப் பொறுத்துக்கொண்டு செய்தால் விரைவில் குணமாகும் என்று எண்ணும் இளைஞர்களுக்கு இந்த விதி மிகவும் அவசியம். அதேபோல் இருட்டறையில் படுத்தே கிடப்பதையும் அவர்கள் ஏற்கவில்லை. விளையாட்டுத் துறை மூளையதிர்வு குறித்து 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர் குழுவின் பரிந்துரையும் அதுவே: முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை அளவான ஓய்வு, அதுவரை திரை பார்ப்பதையும் குறைத்துக்கொள்வது, அதன்பின் தொல்லை அதிகமாகாத அளவுக்கு நடை முதலிய இயக்கங்கள்.

இந்தப் பயிற்சிக்குச் சான்று உண்டா என்று கேட்பவர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கண் குவியும் குறைபாட்டுக்கு அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையிலான 221 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. மருத்துவமனைக்கு வாரந்தோறும் வந்து ஒரு மணி நேரம் பயிற்சி பெற்று வீட்டிலும் தொடர்ந்தவர்களில் 73 விழுக்காட்டினர் 12 வாரங்களில் குணமோ முன்னேற்றமோ கண்டனர். பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியை வீட்டில் மட்டும் செய்தவர்களில் 43 விழுக்காடு. கணினிப் பயிற்சியையும் பென்சிலையும் வீட்டில் சேர்த்துச் செய்தவர்களில் 33 விழுக்காடு. பயிற்சி என்ற பெயரில் பயனில்லாத ஒன்றை மருத்துவமனையில் செய்தவர்களில் 35 விழுக்காடு. ஆக, வீட்டில் பென்சிலை வைத்துக்கொண்டு செய்தாலே போதும் என்று அனுப்பிவிடுவது பலருக்குப் போதவில்லை என்பது தெளிவு. ஆனால் அந்தப் பிள்ளைகள் தலையில் அடிபட்டவர்கள் அல்லர். அடிபட்டவர்களைக் கொண்டு நடந்த ஆய்வுகள் சிறியவை. நியூயார்க்கில் பார்வை ஆய்வாளர்கள் சியுஃப்ரெடாவும் ப்ரீத்தி தியாகராஜனும் 2013 முதல் வெளியிட்டவற்றில் 12 பேரே பங்கேற்றனர், அவர்களிடம் உண்மையான பயிற்சிக்குப் பிறகு கண்ணசைவும் வாசிப்பும் மேம்பட்டன, போலிப் பயிற்சியில் அந்த மேம்பாடு இல்லை. இந்த வேறுபாட்டை எங்களிடம் மறைக்காமல், "உறுதியா இத்தனை நாள்ல சரியாகும்னு சொல்ல மாட்டோம், ஆனா அளந்து அளந்து காட்டுவோம்" என்று சொன்னது அந்த மருத்துவர்மீது எனக்கு மரியாதையைக் கூட்டியது.

அளந்து காட்டவும் செய்தார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை முதல் நாள் சோதனைகள் அனைத்தையும் மறுபடி எடுத்துப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாத முடிவில் எழுத்து இரண்டாகப் பிரியும் தூரம் 17 சென்டிமீட்டரிலிருந்து 7-க்கு வந்திருந்தது. கேள்வித்தாளின் மொத்தம் 38-இலிருந்து 16. வில்லைப் புரட்டல் நிமிடத்துக்கு ஏழு சுற்று. தம்பி இப்போது முழு நாள் வேலை பார்க்கிறான். மாதக் கடைசியில் ஜி.எஸ்.டி. கணக்கு முடிக்கும் நாள்களில் மாலை நேரத்துத் தலைவலி இன்னும் வருகிறது. கூட்டமான கடைத்தெருவில் நடப்பதுதான் கடைசியாகத் தேறிய விஷயம், அதுவும் முழுதாக அல்ல.

இனி, எனக்கு வருத்தம் தந்தவை. காத்திருப்புக் கூடத்தில் பழைய வகை டியூப் லைட்டுகள், அவற்றுக்குக் கீழே சத்தத்தோடு ஓடும் தொலைக்காட்சி, அதில் நொடிக்கு நொடி மாறும் விளம்பரங்கள். பழைய சோக்கு வைத்த டியூப் லைட் நம் ஊர் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கி ஒளிர்கிறது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு மூளையதிர்வு வந்தவர்களில் பலரை வதைக்கும். உள்ளே இவ்வளவு அக்கறையோடு பரிசோதிக்கிறவர்கள், வெளியே அதே நோயாளியை ஒரு மணி நேரம் இந்த வெளிச்சத்தில் உட்காரவைப்பது மனத்துக்கு ஒப்பவில்லை. சொன்ன பிறகு ஒரு தனி அறையில் உட்காரவைத்தார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்கத் தயங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்?

கட்டணம் இன்னொரு குறை. பயிற்சி முழுவதற்கும் மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னார்கள். தலையில் அடிபட்டவர் வேலைக்குப் போகாமல் சம்பளம் இழந்திருக்கும் காலம் அது. பேசிப் பார்த்ததில் தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அந்த வசதி இருப்பதை அவர்களாக முன்வந்து சொல்லவில்லை. எங்கள் காப்பீட்டு நிறுவனம் இது வெளிநோயாளிச் சிகிச்சை என்று சொல்லி ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர உயிர்காக்கும் சிகிச்சையை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது பேருதவி. உயிர் பிழைத்து வீடு திரும்பியவர் மீண்டும் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் வண்டி ஓட்டவும் தேவையான மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் அப்படியோர் ஏற்பாடு வர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

கீழ்த்தளக் கண்ணாடிக் கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெளிச்சம் கூசுகிறது என்று கேட்டதும் கறுப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினார்கள். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி அணிந்து பழகினால் கண் இருட்டுக்கே பழகி, கூச்சம் முன்னிலும் அதிகமாகும். மேலே பயிற்சிப் பிரிவில் சொன்னது வேறு: வெயிலுக்கு மட்டும் கறுப்பு, உள்ளே தேவைப்பட்டால் நீலப்பச்சை ஒளியை வடிக்கும் இளஞ்சிவப்பு வில்லை, அதையும் மெல்ல மெல்லக் குறைத்துவிட வேண்டும். எஃப்.எல்.41 என்று கேட்டால் கிடைக்கும் அந்த வில்லை, ஒற்றைத் தலைவலிக்காரர்களின் ஒளிக்கூச்சத்துக்கும் பயன்படுவது. ஒரே கட்டடத்தில் மேலே ஒரு சொல்லும் கீழே ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. எந்தக் கண்ணாடியையும் பரிசோதித்தவரின் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம்.

தலைச்சுற்றலுக்கான பயிற்சியை அங்கே ஓரளவுதான் செய்ய முடியும். உள்காதின் சமநிலை உறுப்புக்கான பிசியோதெரபி வேறோர் இடத்தில் நடந்தது, இரண்டு இடத்தாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. தலைக்காயத்துக்குப் பின் உள்காதிலுள்ள நுண்துகள்கள் இடம்பெயர்ந்து, படுக்கையில் புரண்டாலே சுழலும் வகைத் தலைச்சுற்றலும் வரும். அது எப்ளி என்னும் எளிய தலை நகர்த்தும் முறையால் பெரும்பாலும் அடங்கக்கூடியது. தம்பிக்கு அந்தத் தலைச்சுற்றலும் இருப்பதைக் கண்டுபிடித்தது பிசியோதெரபிஸ்ட். அது அடங்கிய பிறகுதான் கண் பயிற்சியில் தம்பியின் முன்னேற்றம் வேகமெடுத்தது. இரண்டு பேரும் தொடக்கத்திலேயே ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் முதல் மாதத்தின் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.

பார்வைப் பயிற்சி என்ற பலகையை மாட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தீர்வு சொல்லும் இடங்களும் பெருகிவருகின்றன. பிள்ளைகளின் கற்றல் குறைபாட்டைக் கண் பயிற்சியால் தீர்க்கலாம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவர் அமைப்புகளும் குழந்தை மருத்துவர் அமைப்பும் 2009-இல் கூட்டாக அறிக்கையே வெளியிட்டன. கண்ணாடியைக் கழற்றிவிடலாம், பவர் இறங்கிவிடும் என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. நான் எழுதிய இந்த மருத்துவமனை அப்படி எதையும் சொல்லவில்லை. ஒரு முறையும் பயனை மிகைப்படுத்தவில்லை. தம்பியின் எண்கள் தேங்கிய சமயத்தில் கூடுதல் பயிற்சியை விற்கவும் முயலவில்லை. இரண்டு வாரம் இடைவெளி விட்டு வரச் சொன்னார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அடிபட்ட சில நாள்களுக்குள் தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்பாவை மற்றதைவிடப் பெரிதாவது, இமை தொங்குவது, திடீரென்று இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சி மையத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் ஒளியும் மிதக்கும் புள்ளிகளும் ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் நிழலும் தெரிந்தால் விழித்திரை விலகியிருக்கலாம், அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரட்டைப் பார்வை உள்ளவரை வண்டி ஓட்டக் கூடாது என்பதை எங்களிடம் எழுத்தில் கொடுத்தார்கள். தம்பி அதை முணுமுணுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டு பேருந்தில் போனான்.

போக விரும்புகிறவர்கள் விபத்துக்குச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் அறிக்கையையும் பழைய கண்ணாடிச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் கட்டாயம் வேண்டும். மூளையதிர்வுத் தலைவலிக்கு அடிக்கடி எழுதப்படும் அமிட்ரிப்டிலின் போன்ற சில மாத்திரைகள் குவியம் மாற்றும் திறனைத் தாமே குறைக்கக்கூடியவை. தம்பியின் மாத்திரையைப் பார்த்த அந்த ஆப்டோமெட்ரிஸ்ட், நரம்பியல் மருத்துவருக்கு அங்கேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நரம்பியல் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். முடிந்தால் காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், கூட்டமும் சத்தமும் அப்போது குறைவு, கண்ணும் களைத்திருக்காது. பரிசோதனை நாளில் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தும் விடுவார்கள் என்பதால் துணைக்கு ஒருவர் உடன்போவது நல்லது.